அருங்காட்சியகத்தில் ஊரின் பங்கு: தாமிரபரணிக் கரையிலிருந்து சில கேள்விகள்

1. களமும் கேள்வியும்

2025 டிசம்பரில் திருநெல்வேலி ரெட்டியார்பட்டியில் பொருநை அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. 2021 செப்டம்பரில் சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்டு, 2023 மே மாதம் அடிக்கல் நாட்டப்பட்டு, 13 ஏக்கர் நிலத்தில் எழுந்த வளாகம் அது. சிவகளை, ஆதிச்சநல்லூர், கொற்கை அகழாய்வுகளில் கிடைத்த பொருள்களுக்கு அங்கே தனித்தனிக் கட்டடங்கள் உள்ளன. அதற்குப் பல ஆண்டுகள் முன்பிருந்தே பாளையங்கோட்டையில் அரசு மாவட்ட அருங்காட்சியகம் இயங்கிவருகிறது. கிழக்கே தாமிரபரணி ஆற்றின் தென்கரையில், ஆதிச்சநல்லூர்ப் பரம்பில், முதுமக்கள் தாழிகளை அவை கிடந்த குழியிலேயே விட்டு மேலே கண்ணாடித் தளம் அமைத்துக் காட்டும் காட்சியகம் 2023 ஆகஸ்டில் தொடங்கப்பட்டது. முதலாவது தமிழ்நாடு தொல்லியல் துறையைச் சேர்ந்தது. இரண்டாவது தமிழ்நாடு அருங்காட்சியகங்கள் துறையைச் சேர்ந்தது. மூன்றாவது இந்தியத் தொல்லியல் துறைக்கு உரியது. பேருந்தில் ஒரே நாளில் பார்த்துவிடக்கூடிய தொலைவில் மூன்று இடங்கள், மூன்று நிருவாகங்கள்.

இம்மூன்றும் வெறும் தொல்பொருள் கூடங்கள் என்று ஒதுக்கிவிட முடியாது. தாழிக்குள் கிடைத்த வெண்கல உருவமும் பொன் நெற்றிப்பட்டமும் கலைப்பொருள்களே. தனியாக ஒரு கலை அருங்காட்சியகம் இல்லாத இந்நகரத்தில் அந்தப் பொறுப்பையும் இவையே சுமக்க வேண்டியிருக்கிறது. இக்கட்டுரை எடுத்துக்கொள்ளும் கேள்வி இது: ஓர் அருங்காட்சியகம் தங்களுடையது என்று இப்பள்ளத்தாக்கின் மக்கள் உணர, அதை வழிநடத்துவோர் என்ன செய்ய வேண்டும்? கூட்டம் வருகிறதா என்பது வேறு கேள்வி. சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குக் காணும் பொங்கலன்று தலைமுறை தலைமுறையாகப் பெருங்கூட்டம் வந்துகொண்டிருக்கிறது. எதை வைப்பது, எதை எழுதுவது என்பதில் அந்தக் கூட்டத்துக்கு எந்தக் காலத்திலும் சொல் இருந்ததில்லை.

2. பொருள் போன வழி

ஆதிச்சநல்லூரின் வரலாறே இந்தக் கேள்வியின் வரலாறு. 1876இல் பெர்லினைச் சேர்ந்த யாகோர் இங்கே தோண்டி எடுத்தவை பெர்லின் அருங்காட்சியகத்துக்குச் சென்றன. 1899 முதல் சில ஆண்டுகள் அலெக்சாண்டர் ரீ விரிவாக அகழ்ந்தார். அவர் கண்டெடுத்த பொன் பட்டங்களும் வெண்கலக் கலங்களும் இரும்பு வாள்களும் ஈட்டிகளும் சென்னை அருங்காட்சியகத்தில் சேர்ந்தன. அவற்றின் விளக்க அட்டவணை 1915இல் அச்சானது. இடையில் லூயி லாப்பிக் என்ற பிரெஞ்சு அறிஞரும் தோண்டிச் சென்றார். ஒரு நூற்றாண்டுக்குப் பின், 2004ஐ ஒட்டிய ஆண்டுகளில், இந்தியத் தொல்லியல் துறை சத்தியமூர்த்தி தலைமையில் அகழ்ந்து நூற்றுக்கும் மேற்பட்ட தாழிகளை வெளிக்கொணர்ந்தது. அதன் முழு அறிக்கை பல ஆண்டுகள் வெளிவரவில்லை.

அறிக்கையையும் அருங்காட்சியகத்தையும் கேட்டு உயர்நீதிமன்ற மதுரைக் கிளைக்குச் சென்றவர்களில் ஒருவர், அதே வட்டாரத்து எழுத்தாளர் முத்தாலங்குறிச்சி காமராசு. பின்னால் 2020 ஒன்றிய நிதிநிலை அறிக்கையில், களத்திலேயே அருங்காட்சியகம் அமைக்கப்படும் ஐந்து இடங்களில் ஒன்றாக ஆதிச்சநல்லூர் இடம்பெற்றது. இந்த வரிசையைக் கூர்ந்து பார்க்க வேண்டும். மக்களுக்குத் தொன்மையைப் பற்றிய விழிப்புணர்வு இல்லை, அதை ஊட்டுவதே அருங்காட்சியகத்தின் கடமை என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. இங்கே நடந்தது அதற்கு நேர்மாறானது. கேட்டவர்கள் உள்ளூர்க்காரர்கள், நெடுங்காலம் பேசாதிருந்தவை நிறுவனங்கள்.

இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டிய இன்னொரு நிகழ்வு கல்லிடைக்குறிச்சியில் நடந்தது. அங்குள்ள குலசேகரமுடையார் கோயிலின் நடராசர் திருமேனி 1982இல் களவு போயிற்று. 2001இல் அதை ஆஸ்திரேலியாவில் அடிலெய்டு நகரத்துத் தெற்கு ஆஸ்திரேலியக் கலைக்கூடம் விலைக்கு வாங்கியது. சிலைக் கடத்தல் தடுப்புப் பிரிவின் முயற்சியால் 2019 செப்டம்பரில் திருமேனி தமிழகம் திரும்பியபோது, ஊரே திரண்டு வரவேற்றது. 37 ஆண்டுகள் கழிந்த பின்னும் அந்த உறவு அறுபடவில்லை. அடிலெய்டில் அது நல்ல விளக்கொளியில், நல்ல பாதுகாப்பில் இருந்திருக்கும். ஆனால் அதற்கு எண்ணெய்க்காப்புச் செய்ய முறை உள்ளவர், மார்கழித் திருவாதிரையில் அதைச் சுமக்கத் தோள் கொடுப்பவர், அதன் முன் பாடுபவர் எல்லோரும் கல்லிடைக்குறிச்சியில்தான் இருந்தார்கள்.

பெர்லினிலும் எழும்பூரிலும் உள்ள ஆதிச்சநல்லூர்ப் பொருள்களுக்கு அப்படிக் காத்திருந்தவர்கள் இல்லை என்று ஒருவர் வாதிடலாம். தாழிகளைப் புதைத்தவர்களின் பெயர் நமக்குத் தெரியாது. அவர்களுக்கும் இன்றைய ஊர்களுக்கும் உள்ள தொடர்ச்சியை நேர்கோடாக நிறுவவும் முடியாது. இதை ஏற்கிறேன். ஆனால் இந்த வேறுபாடே ஒரு வழியையும் காட்டுகிறது. ஒரு பொருளோடு மக்களுக்குள்ள உறவு, அப்பொருளின் வயதால் தானாக அமைவதில்லை. அதற்காக ஏதேனும் செய்யும் முறையும் கடமையும் அமைந்தால் உருவாகிறது.

3. நடப்பிலுள்ள மூன்று விளக்கங்கள்

மக்களும் அருங்காட்சியகமும் என்ற பேச்சில் இன்று மூன்று நிலைப்பாடுகள் கலந்து கிடக்கின்றன.

முதலாவது பெருமிதம். சிவகளையில் தாழிக்குள் கிடைத்த நெல்லின் காலம் கி.மு. 1155 என்ற முடிவும், அங்குள்ள இரும்பின் காலம் கி.மு. 3345 வரை செல்கிறது என்ற 2025 ஜனவரி அறிக்கையும் தமிழ்நாடெங்கும் எழுச்சியை உண்டாக்கின. அந்த எழுச்சியை நான் குறைத்து மதிப்பிடவில்லை. வரலாறு வடக்கே தொடங்கித் தெற்கே வந்து சேர்ந்ததாகப் பாடநூலில் படித்த தலைமுறைக்கு இது நியாயமான மகிழ்ச்சி. ஆனால் பெருமிதம் ஒருவரை ஒருமுறை அழைத்துவரும். அவர் மறுமுறை வர வேறு காரணம் வேண்டும். மேலும், 'தமிழர்' என்ற பேரடையாளத்துக்குள் சிவகளைக்காரரும் சென்னைக்காரரும் சமமாகிவிடுகிறார்கள். தன் வயலோரத்திலிருந்து பொருள் எடுக்கப்பட்டவருக்கு இந்தப் பெருமிதத்தில் தனி இடம் ஏதும் இல்லை.

இரண்டாவது கல்வி: பள்ளிப் பிள்ளைகளை அழைத்துவருதல், ஓவியப் போட்டி, கோடைகாலப் பயிற்சி, உலக அருங்காட்சியக நாள் விழா. நம் மாவட்ட அருங்காட்சியகங்கள் குறைந்த ஆட்களையும் சிறிய தொகையையும் வைத்துக்கொண்டு இவற்றைச் செய்துவருவது பாராட்டுக்குரியது. இதன் எல்லை, அறிவு ஒரு திசையில் மட்டும் ஓடுகிறது என்பது. வருபவர் எப்போதும் மாணவராகவே இருக்கிறார்.

மூன்றாவது பங்கேற்பு. 1972இல் சாந்தியாகோவில் கூடிய லத்தீன் அமெரிக்க அருங்காட்சியகத்தார், அருங்காட்சியகம் தன்னைச் சூழ்ந்த சமூகத்தின் சிக்கல்களுக்குள் இறங்க வேண்டும் என்றனர். 2022இல் பிராக் நகரில் உலக அருங்காட்சியகங்களின் மன்றம் ஏற்ற புதிய வரையறை, சமூகங்களின் பங்கேற்பைத் தன் சொற்களிலேயே சேர்த்துக்கொண்டது. இவற்றுக்கெல்லாம் முன்பே, 1967இல், வாஷிங்டனின் கறுப்பின மக்கள் வாழும் அனகோஸ்தியா பகுதியில் ஒரு பழைய திரையரங்கில் ஸ்மித்சோனியன் நிறுவனம் சிறு அருங்காட்சியகம் ஒன்றைத் தொடங்கியது. அதன் தலைவராக அப்பகுதியிலேயே சமூகப்பணி செய்துவந்த ஜான் கினார்ட் அமர்த்தப்பட்டார். 1969இல் அங்கே நடந்த புகழ்பெற்ற கண்காட்சியின் பொருள் எலி. அந்தத் தெருக்களின் வீடுகளை அலைக்கழித்த எலித்தொல்லையை, அதன் காரணங்களோடு காட்சிப்படுத்தினார்கள். அரும்பொருள் ஒன்றும் இல்லாமலே அந்த இடம் தெருவின் சொத்தானது, தெருவின் கவலையை அது தன் கவலையாக எடுத்துக்கொண்டதால்தான்.

மூன்றாவது நிலைப்பாடே எனக்கு நெருக்கமானது. ஆனால் அதை அயலிலிருந்து ஆயத்தமாக இறக்குவதில் ஓர் ஆபத்து உண்டு. கருத்துப் படிவம் ஒன்றை நிரப்பச் சொல்லிவிட்டு அதற்குப் பங்கேற்பு என்று பெயர் வைப்பது எளிது. பங்கு என்றால் என்ன என்பதைப் பற்றி இப்பள்ளத்தாக்குக்கே நீண்ட அனுபவம் இருக்கிறது; அங்கிருந்து தொடங்குவது நல்லது.

4. மண்டகப்படி

கோயில் திருவிழாவின் ஒவ்வொரு நாளும் ஒரு தரப்பின் மண்டகப்படி. அந்த நாளின் செலவு, அலங்காரம், வந்தோருக்கான உணவு, சாமி தங்கும் இடம் எல்லாம் அவர்கள் பொறுப்பு. பதிலுக்கு அவர்களுக்கு மரியாதை உண்டு. சுடலைமாடனுக்கோ இசக்கியம்மனுக்கோ நடக்கும் கொடையில் தலைக்கட்டு வரி போட்டு, யார் வில்லுப்பாட்டுக்கு ஏற்பாடு செய்வது, யார் கணியான் கூத்துக்காரரை அழைப்பது என்று ஊர்க்கூட்டத்தில் பேசி முடிப்பார்கள். சென்னையிலும் மும்பையிலும் பிழைக்கப் போனவர் கொடைக்கு ஊர் திரும்புவது பக்தியால் மட்டும் அன்று. வரி கொடுத்தவர் அவர். அவருக்கு அங்கே வேலை இருக்கிறது.

இந்த ஏற்பாட்டை அப்படியே புகழ்ந்துவிட முடியாது. மண்டகப்படி யாருக்கு உண்டு, தேர்வடம் யார் தொடலாம், முதல் மரியாதை யாருக்கு என்ற கேள்விகளில் சாதி உறைந்திருக்கிறது. தலித் மக்கள் பல ஊர்களில் இந்தப் பங்கிலிருந்து விலக்கப்பட்டார்கள். அருங்காட்சியகம் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஒரு பாதியை: பொறுப்பும் முடிவெடுக்கும் உரிமையும் சேர்ந்தே கொடுக்கப்படுகின்றன என்பதை. மறு பாதியை, அதாவது அந்த உரிமை பிறப்பால் பிரிக்கப்படுவதை, அரசமைப்பின் கீழ் இயங்கும் ஒரு பொது நிறுவனம் உடைத்தாக வேண்டும். கோயிலால் முடியாத ஒன்று அருங்காட்சியகத்தால் முடியும். பழைய மரபு தடுத்து வைத்திருந்தவருக்கும் அது முதல் நாளிலிருந்தே பங்கு கொடுக்கலாம்.

5. அறிவு எங்கே இருக்கிறது

பங்கு கொடுப்பது கருணைச் செயல் ஆகாது. அருங்காட்சியகத்துக்கு அது தேவை. ஆதிச்சநல்லூர்த் தாழியின் முன் நிற்கும்போது எழும் இயல்பான கேள்வி, ஆள் உட்காரும் அளவுள்ள கலத்தை எப்படி வனைந்தார்கள், வெடிக்காமல் எப்படிச் சுட்டார்கள் என்பது. காருகுறிச்சியில் இன்றும் பானை வனைபவர்கள் இருக்கிறார்கள். எந்தக் குளத்து மண் பெரிய கலத்துக்குத் தாங்கும், எவ்வளவு மணல் கலக்க வேண்டும், ஈரம் எந்தப் பதத்தில் இருக்கும்போது தட்டிப் பெரிதாக்கலாம் என்பதெல்லாம் அவர்கள் கையில் உள்ள அறிவு. விளக்கப் பலகையில் 'கருப்பு சிவப்பு மட்கலம்' என்று மட்டும் எழுதினால் பாதி அறிவு வெளியே நின்றுவிடுகிறது. மண்பாண்டத் தொழிலாளரை விழா நாளில் சக்கரத்தோடு வாசலில் உட்காரவைத்துப் படம் எடுக்கிறோம். அவரை வல்லுநராக உள்ளே அழைத்து, தாழியைக் காட்டி, அவர் சொல்வதைப் பதிந்து, பெயரோடு பலகையில் எழுதி, வல்லுநருக்குரிய ஊதியம் கொடுப்பதே முறை. அதோடு, குளத்தில் மண் எடுக்க அனுமதிக்காக அவர் அலுவலகம் அலுவலகமாக ஏற வேண்டியிருப்பதும் அருங்காட்சியகத்தின் கவலையாக வேண்டும். மூவாயிரம் ஆண்டுப் பானையைப் போற்றிக்கொண்டு, இந்த ஆண்டுப் பானைக்கு மண் இல்லை என்பதைப் பற்றி அந்த இடம் பேசாமல் இருக்க முடியாது.

பத்தமடைப் பாயும் அப்படித்தான். ஆற்றங்கரைக் கோரையை நீரில் ஊறவைத்து, நூலாகக் கிழித்து, சாயமேற்றி நெய்யும் பட்டுப்பாய், லெப்பை முஸ்லிம் குடும்பங்களின் கலை. மணமக்கள் பெயர் நெய்த பாய் சாதி மதம் கடந்து இப்பகுதித் திருமணங்களில் இடம்பெற்றது. தாமிரபரணி நாகரிகம் என்று பேசும்போது பொதுவாகத் தாழியும் கோயிலும் நினைவுக்கு வருகின்றன. இந்தப் பாய் வருவதில்லை. அந்த விடுபடலைச் சரிசெய்ய ஒரு பாயை வாங்கிச் சுவரில் மாட்டினால் போதாது. எந்தப் பாய் கலைக்குத் தக்கது என்று தேர்ந்தெடுக்கும் குழுவில் நெய்பவர் உட்கார வேண்டும்.

ஓவியத்துக்கு வருவோம். திருப்புடைமருதூர்க் கோபுரத்தின் ஐந்து நிலைகளிலும் உள்ள சுவரோவியங்களும் மரச்சிற்பங்களும் இப்பள்ளத்தாக்கின் தலைசிறந்த கலைச் செல்வம். அவற்றைப் பற்றி ஆய்வுலகம் ஓரளவு எழுதியிருக்கிறது. ஆனால் பழைய திருநெல்வேலி மாவட்டம் உருவாக்கி, தமிழ்நாட்டு வீடுகளிலெல்லாம் மாட்டிய ஓவிய மரபு வேறு ஒன்று. கோவில்பட்டியில் வாழ்ந்த கொண்டையராஜுவும் (1898–1976) அவருடைய மாணவர்களும் வரைந்த தெய்வப் படங்கள் சிவகாசியில் அச்சாகி, நாட்காட்டிகளாகப் பூசை அறைகளுக்குள் நுழைந்தன. மீனாட்சி திருக்கல்யாணம் என்றதும் நம் மனத்தில் எழும் காட்சி பெரும்பாலும் அந்தத் தூரிகை தந்தது. அந்த நாட்காட்டிகள் இன்று பரணிலும் பழைய பெட்டிக்கடைகளிலும் மக்கி அழிகின்றன. அவற்றைத் தேடிச் சேர்க்கும் வேலையை ஓர் அருங்காட்சியகம் அறிவித்தால், பொருள் கொண்டுவருபவர்கள் வீட்டுக்காரர்களாகவே இருப்பார்கள். படத்தோடு அது எந்தச் சுவரில் எத்தனை ஆண்டு இருந்தது என்ற கதையும் வரும்.

மக்களிடம் சென்று கேட்கும் ஆய்வுமுறை இங்கே புதியதும் இல்லை. நாங்குநேரியில் பிறந்து பாளையங்கோட்டையில் வாழ்ந்த நா. வானமாமலை, நெல்லை ஆய்வுக் குழுவைக் கூட்டி, 1969இல் 'ஆராய்ச்சி' இதழைத் தொடங்கி, கதைப்பாடல்களை வரலாற்றுச் சான்றாக ஏற்கச் செய்தார். தூய சவேரியார் கல்லூரியில் தே. லூர்துவும் உடன்பணியாற்றியோரும் நாட்டார் வழக்காற்றியலை ஒரு துறையாகவே வளர்த்தார்கள். தொ. பரமசிவன் உப்பையும் உரலையும் திண்ணையையும் வைத்துப் பண்பாட்டு வரலாறு எழுதினார். இந்த நகரின் அறிவு மரபு அருங்காட்சியகத்தின் வாசல்வரை வந்து நிற்கிறது. அதை உள்ளே அழைக்காமல், காட்சி வடிவமைப்பை ஒப்பந்தப்புள்ளி வழியே வெளியூர் நிறுவனங்களிடம் முழுதாக ஒப்படைக்கும் பொது வழக்கம் வருத்தத்துக்குரியது.

6. ஆற்றின் மற்ற நினைவு

தாமிரபரணியின் பழம்பெயரான பொருநை என்பதைச் சூடிய இடத்தில், அந்த ஆற்றின் அண்மை வரலாறும் இருக்க வேண்டுமா? 1999 ஜூலை 23 அன்று மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் கோரிக்கைகளை முன்வைத்து மாவட்ட ஆட்சியர் அலுவலகம் நோக்கிச் சென்ற ஊர்வலம், கொக்கிரகுளத்தில் காவல்துறையின் தடியடியில் கலைக்கப்பட்டது. ஆற்றில் இறங்கியவர்களில் 17 பேர் இறந்தார்கள். பெண்களும் ஒரு குழந்தையும் அவர்களில் உண்டு. ஆண்டுதோறும் அந்த நாளில் ஆற்றில் மலர் தூவப்படுகிறது. 2024இல் அதே தோட்டத் தொழிலாளர்கள் விருப்ப ஓய்வு என்ற பெயரில் மலையைவிட்டு இறங்க வேண்டிய நிலை வந்தது. தலைமுறைகளாக வாழ்ந்த வீடுகளும் கருவிகளும் ஒளிப்படங்களும் சிதறிக்கொண்டிருக்கின்றன.

அரசே நடத்தும் அருங்காட்சியகம் அரசின் மேல் குற்றம் சுமத்தும் நினைவை ஏற்குமா என்று கேட்கலாம். கடினம்தான். ஆனாலும் முதல் படி எளியது: மலையிலிருந்து இறங்கியவர்களின் வாய்மொழி வரலாற்றையும் வீட்டுப் பொருள்களையும் இப்போதே சேகரித்து வைப்பது. காட்சிப்படுத்தும் துணிவு பின்னால் வரட்டும். சேகரிக்காமல் விட்டால் பின்னால் துணிவு வந்தும் பயனில்லை. இறந்தவர்களைத் தாழியில் வைத்து நினைத்தவர்களின் ஆற்றங்கரையில், இந்த இறந்தவர்களுக்கு இடமில்லை என்றால், 'நம் அருங்காட்சியகம்' என்ற சொல்லில் 'நம்' யார் என்று அவர்களின் உறவினர் கேட்பார்கள்.

7. தலைமைக்குள்ள வேலை

இவ்வளவும் ஒரு காப்பாட்சியரின் தோளில் விழுகின்றன. அவர் பணி மாறுதலுக்கு உட்பட்டவர். ஊரை அறிந்து, பானைக்காரரின் நம்பிக்கையையும் பாய் நெய்பவரின் நம்பிக்கையையும் பெற்று முடிக்கும்போது வேறு மாவட்டத்துக்கு ஆணை வந்துவிடும். எனவே உறவைத் தனியாளிடம் விட்டுவைக்காமல் ஒரு குழுவில் நிலைநிறுத்த வேண்டும். குழுவுக்கு அறிவுரை சொல்லும் உரிமை மட்டும் இருந்தால் அது பெயரளவில் முடியும். ஆண்டுதோறும் ஒரு கூடத்தின் பொருள், அதன் விளக்க உரை, அதற்கான தொகை ஆகிய மூன்றையும் முடிவு செய்யும் அதிகாரம் அதற்கு எழுத்தில் வேண்டும். உறுப்பினர்களில் தொழில்செய்வோர், பெண்கள், தலித் மக்கள், அகழாய்வு நடந்த ஊராட்சிகளின் ஆட்கள் இவ்வளவு பேர் என்று வரையறுக்க வேண்டும். இல்லையேல் நகரத்துப் பெரியவர்களே நாற்காலிகளை நிரப்புவார்கள்.

இதற்கு வலுவான எதிர்வாதம் ஒன்று உண்டு. தாழிகள் தம் சாதி முன்னோருடையவை என்று உரிமை கோரும் அமைப்புகள் குழுவுக்குள் நுழைந்தால் என்ன ஆகும்? அச்சம் நியாயமானது. காலக்கணிப்பும் எலும்பாய்வும் வாக்கெடுப்புக்கு உரியவை அல்ல என்ற எல்லையைத் தொடக்கத்திலேயே வகுத்துவிட வேண்டும். ஆய்வு முடிவை ஆய்வாளரே எழுதுவார். அதை ஏற்கவோ மறுக்கவோ குழுவுக்கு உரிமை இல்லை. அம்முடிவு இன்றைய வாழ்வில் என்ன பொருள் தருகிறது, அதன் பக்கத்தில் எதை வைக்க வேண்டும் என்பதில்தான் ஊரின் சொல் செல்லும். அறிக்கையை உரிய காலத்தில், படிக்கத்தக்க தமிழில் வெளியிடுவதும் இந்த எல்லையைக் காக்கும் வழி. அறிக்கை வராத ஆண்டுகளில்தான் ஆதிச்சநல்லூரைப் பற்றிய கற்பனைகள் தழைத்தன.

மூன்று நிருவாகங்கள் என்று தொடக்கத்தில் குறிப்பிட்டேன். மூன்றும் ஒன்றாகக் கையெழுத்திட்டுச் செய்யக்கூடிய முதல் பணி, ரீ எடுத்த பொருள்களில் சிலவற்றை எழும்பூரிலிருந்து குறித்த காலத்துக்குக் கடனாகக் கொண்டுவருவது. காப்பீடும் பாதுகாப்பும் ரெட்டியார்பட்டியின் புதிய கட்டடத்தில் அமைக்கக்கூடியவையே. எந்தப் பொருள் முதலில் வர வேண்டும் என்ற தேர்வை மட்டும் ஆதிச்சநல்லூர் ஊராட்சியின் கிராம சபைக்கு விட வேண்டும். 1915ஆம் ஆண்டு அட்டவணையைத் தமிழாக்கிப் படங்களோடு அச்சிட்டு அந்தக் கூட்டத்தில் கொடுத்தால், 'எங்கள் பரம்பிலிருந்து என்னென்ன போயிற்று' என்ற பட்டியலை அவ்வூர் மக்கள் தங்கள் கையில் வைத்துப் படிக்க முடியும். தேர்வு நெற்றிப்பட்டமாக இருக்கலாம், துருவேறிய ஒரு மண்வெட்டியாகவும் இருக்கலாம். எதுவானாலும் அதைக் கேட்டவர்களின் பெயர் அதன் அடியில் எழுதப்பட வேண்டும்.